குட்டி யானைக்கு எத்தனை யூனிட்?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் சாலை பிரியும் இடத்தில் குட்டி யானைகளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் கேன், செங்கல், பந்தல் சாமான், வீடு மாற்றுகிறவரின் கட்டில் பீரோ எல்லாம் அதில்தான் போகின்றன. 2005-ல் டாடா ஏஸ் என்று வந்த வண்டி அது. வடக்கே 'சோட்டா ஹாத்தி' ஆனது, இங்கே குட்டி யானை ஆனது. இன்று எந்தக் கம்பெனி சின்ன லோடு வண்டியாக இருந்தாலும் வாடகைக்குக் கூப்பிடுகிறவர் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்.

குட்டி யானைக்கு மின்சார வடிவமும் வந்துவிட்டது. கூடவே ஒரு புதிரும் வந்தது.

2022 மே மாதம் டாடா ஏஸ் ஈவி அறிமுகமானது. அதன் பேட்டரி 21.3 யூனிட். முழுதாகச் சார்ஜ் செய்தால் 154 கி.மீ. ஓடும் என்பது சோதனைக்கூடச் சான்று. சுமை 600 கிலோ. ஷோரூம் விலை 9.99 லட்சம் ரூபாய். 2025 ஜூனில் அதே கம்பெனி ஏஸ் ப்ரோ ஈவி என்ற எளிய வண்டியைக் கொண்டுவந்தது. அதன் பேட்டரி 14.4 யூனிட்தான், விலை 6.50 லட்சம்தான். ஆனால் சான்றிதழில் உள்ள தூரம் 155 கி.மீ., ஏற்றக்கூடிய சுமை 750 கிலோ.

பேட்டரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார்கள், விலையில் மூன்றரை லட்சத்தைக் குறைத்தார்கள். தூரம் குறையவில்லை, சுமை கூடிவிட்டது. இது எப்படி? விலையைக் குறைத்தால் எதையோ குறைத்திருப்பார்கள் என்று நம் ஊரில் சந்தேகப்படுவார்கள். சந்தேகம் நியாயமானது. குறைத்தது எது, அது உங்கள் தொழிலுக்கு வேண்டியதா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றரை லிட்டர் பெட்ரோல்

மின்சாரக் கட்டண அட்டையில் இருக்கும் அதே யூனிட்தான் இங்கும் அளவு. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். பெட்ரோல் வண்டிக்கு 'லிட்டருக்கு எத்தனை கி.மீ.' என்று கேட்கிறோம். மின்வண்டிக்கு '100 கி.மீ.க்கு எத்தனை யூனிட்' என்று கேட்பது வசதி.

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 9 யூனிட். அப்படியானால் 14.4 யூனிட் பேட்டரிக்குள் இருப்பது ஏறத்தாழ 1.6 லிட்டர் பெட்ரோலின் ஆற்றல். அந்தப் பெட்ரோலின் எடை ஒன்றேகால் கிலோகூட இல்லை. பேட்டரியோ பெட்டி, கம்பிகளோடு சேர்த்து 100 கிலோவுக்கு மேல் வரும். இந்த வண்டிகளில் பயன்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில், ஒரு யூனிட்டைச் சேமிக்க மொத்தமாக ஏழெட்டு கிலோ பிடிக்கும். இதைவிட லேசான வகைகள் உண்டு. அவற்றில் நிக்கலும் கோபால்ட்டும் வேண்டியிருப்பதால் விலை ஏறும். வெப்பத்தைத் தாங்குவதிலும் அயர்ன் பாஸ்பேட்டே மேல்.

ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றலை வைத்துக்கொண்டு 100 கி.மீ.க்கு மேல் எப்படி ஓடுகிறது? நகர ஓட்டத்தில் பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூட முழுதாகச் சக்கரத்துக்குத் தருவதில்லை. மற்றதெல்லாம் ரேடியேட்டரிலும் சைலன்ஸரிலும் சூடாகப் போய்விடுகிறது. மின்மோட்டாரும் அதன் மின்கருவிகளும் சேர்ந்து நூற்றுக்கு 85 அளவு சக்கரத்துக்குக் கொடுத்துவிடும்.

ஆற்றலைத் தின்பவை மூன்று

சமதரையில் போகும் வண்டியின் ஆற்றல் மூன்று இடங்களில் செலவாகிறது.

முதலாவது டயர். உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி நிமிர்கிறது, அதில் ஆற்றல் வீணாகிறது. இதை உருள்தடை என்று சொல்லலாம். இது எடையைப் பொறுத்தது. எடை இரட்டித்தால் உருள்தடையும் இரட்டிக்கும்.

இரண்டாவது காற்று. காற்றுக்கு உங்கள் சுமை எத்தனை கிலோ என்று தெரியாது. முகப்பின் அகலம், உயரம், வடிவம், வேகம் ஆகியவற்றை மட்டுமே அது பார்க்கும். அதிலும் வேகத்துக்குத்தான் பெரிய தண்டனை. 40 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குப் போனால் காற்றுத் தடை இரண்டேகால் மடங்காகிவிடும்.

மூன்றாவது, நின்று நின்று கிளம்புவது. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் வண்டியின் எடைக்கேற்ப ஆற்றல் செலவாகிறது. சாதாரண வண்டியில் பிரேக் போட்டதும் அது முழுவதும் சூடாகித் தொலைந்தது. மின்வண்டியில் வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. மீட்பு பிரேக் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். பாதி திரும்பக் கிடைப்பதாகக் கொள்வது நியாயமான மதிப்பீடு.

சிங்கப்பெருமாள் கோவில் – தாம்பரம் – ஒரகடம்: ஒரு நாள்

இனி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கணக்குப் போடுவோம். சிங்கப்பெருமாள் கோவிலில் காய்கறிக் கடைகளுக்குச் சரக்கு எடுத்துவரும் ஒருவர். விடியற்காலையில் காலி வண்டியோடு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைச் சந்தைக்குப் போகிறார். 700 கிலோ ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். மதியத்துக்குமேல் ஒரகடத்திலிருந்து வேறொரு 700 கிலோ லோடு. தாம்பரம் 22 கி.மீ., ஒரகடம் 13 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போக வர மொத்தம் 70 கி.மீ.

காலி வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 950 கிலோ, லோடு ஏறினால் 1,650 கிலோ. ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று தடங்கல்கள் வரிசையாக இருப்பதால், வேகம் 40 கி.மீ., ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு முறை நின்று கிளம்புதல் என்று கொள்ளலாம். சாதாரண சின்ன லோடு வண்டியின் டயரையும் முகப்பையும் வைத்து நான் போட்ட கணக்கு இப்படி வருகிறது.

காலியாகப் போகும்போது 100 கி.மீ.க்கு உருள்தடை 3.1 யூனிட், காற்று 2.5, நின்று கிளம்புவதில் இழப்பு 0.8. கூட்டினால் 6.4. மோட்டாரிலும் மின்கருவிகளிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து எடுப்பது 7.5 யூனிட்.

லோடோடு வரும்போது உருள்தடை 5.4 ஆகிறது. காற்று அதே 2.5. நின்று கிளம்புவது 1.4. கூட்டுத்தொகை 9.3, பேட்டரியிலிருந்து 11 யூனிட்.

வண்டியின் மொத்த எடை முக்கால் பங்கு கூடியிருக்கிறது, செலவு ஏறக்குறைய பாதிதான் கூடியிருக்கிறது. காற்றுக்கு எடை தெரியாததுதான் காரணம்.

தாம்பரம் போக 1.7 யூனிட், வர 2.4. ஒரகடம் போக 1, வர 1.4. நாள் முழுக்க 6.5 யூனிட். 14.4 யூனிட் பேட்டரியில் பாதிகூடக் காலியாகவில்லை. வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம் ஏறினால்? லோடு வண்டியை 8 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஒரு யூனிட்டில் 25-ல் ஒரு பங்கு போதும். அதிலும் கொஞ்சம் இறங்கும்போது திரும்பக் கிடைக்கும். மேம்பாலத்துக்குப் பயப்பட வேண்டாம். தேங்கிய மழைநீரும் காற்று குறைந்த டயரும்தான் அதிகம் தின்னும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினாலும் கணக்கு 8 யூனிட்டைத் தாண்டாது.

இவருக்கு 21.3 யூனிட் பேட்டரி வாங்கிக் கொடுப்பது, நாலு பேர் சமையலுக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போல.

கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். அதே ஆள் தாம்பரத்துக்குப் பதிலாகக் கோயம்பேடு போகிறார். ஒரு வழிக்கு 45 கி.மீ., புறவழிச்சாலையில் 60 கி.மீ. வேகம். நின்று கிளம்புவது குறைந்துவிடும், ஆனால் காற்று 2.5-லிருந்து 5.7 யூனிட்டுக்குத் தாவிவிடும். காலியாக 100 கி.மீ.க்கு 10.7, லோடோடு 13.7. போய் வருவதற்கே 11 யூனிட் தீர்ந்துவிடும். மதியம் ஒரகடமும் போய் வந்தால் பேட்டரி கிட்டத்தட்டக் காலியாகிவிடும். அதே ஊர், அதே காய்கறி, அதே வண்டி. சின்ன பேட்டரி இவருக்குப் போதாது.

புதிருக்கு விடை

சான்றிதழ் எண்களை யூனிட்டாக மாற்றினால், பழைய வண்டி 100 கி.மீ.க்கு 13.8 யூனிட் தின்கிறது, புதியது 9.3. சின்ன பேட்டரியால் அதே தூரம் போக முடிவது இந்தப் பசி குறைந்ததால்தான்.

பசி ஏன் குறைந்தது? பழைய வண்டியில் சுமையோடு சேர்ந்த மொத்த எடை 1.8 டன்னுக்குச் சற்று மேல், புதியதில் 1.6 டன் அளவில். சுமையைக் கழித்துப் பார்த்தால் வண்டியின் சொந்த எடையில் 400 கிலோவை ஒட்டிய இளைப்பு தெரிகிறது. என் கணக்குப்படி, இந்த இளைப்பு சேமித்துத் தருவது 100 கி.மீ.க்கு 1.8 யூனிட் அளவுதான். வித்தியாசமான 4.5 யூனிட்டில் அது ஐந்தில் இரண்டு பங்கு. மீதி டயர், மோட்டார், மின்கருவிகள், உடல்வடிவம் ஆகியவற்றில் ஒளிந்திருக்கிறது. பழையது, ஏற்கெனவே இருந்த ஏஸின் உடலுக்குள் பேட்டரியைப் பொருத்தி வந்த வண்டி. புதியது பெட்ரோல், எரிவாயு, மின்சாரம் மூன்றுக்கும் இடம் வைத்துப் புதிதாக வரைந்தது. ஏற்கெனவே உள்ள சட்டத்தில் பொருத்துவதற்கும் முதலிலிருந்து யோசிப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் வரும்.

சோதனைக்கூட எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. அங்கே வண்டி உருளைகளின் மேல், வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி ஓடுகிறது. சிங்கப்பெருமாள் கோவிலின் மே மாதமும் கார்த்திகை மழையும் அந்த அட்டவணையில் இல்லை. இரண்டு வண்டிகளை ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் தெருவில் எவ்வளவு ஓடும் என்பதற்கு உதவாது.

ஒரு மூட்டை வெங்காயம்

பெரிய பேட்டரி கனமானது, அதைச் சுமக்கவே மின்சாரம் செலவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

கூடுதலான 6.9 யூனிட்டின் எடை சுமார் 53 கிலோ. அதை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினால் 100 கி.மீ.க்குக் கால் யூனிட் அளவு கூடுதல் செலவு. 70 கி.மீ.க்கு இரண்டு ரூபாய் அளவுதான் ஆகும். மின்சாரத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. ஒரு வண்டியின் மொத்த எடைக்குச் சட்டப்படி ஓர் எல்லை உண்டு. பேட்டரி 53 கிலோ கூடினால் சரக்கு 53 கிலோ குறைய வேண்டும். ஒரு மூட்டை வெங்காயம் 50 கிலோ. நாளுக்கு இரண்டு நடை, மாதம் 25 நாள் ஓட்டினால், 50 மூட்டைக்கான வாடகையைப் பேட்டரி உட்கார்ந்து தின்றுவிடும். காரில் இந்த நஷ்டம் தெரியாது. கிலோவுக்குக் கூலி வாங்கும் வண்டியில் நன்றாகவே தெரியும்.

விலையையும் பார்ப்போம். ப்ளூம்பெர்க் நியூஎனர்ஜி ஃபைனான்ஸ் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கெடுப்பில், உலகச் சராசரி பேட்டரி விலை 2022-ல் யூனிட்டுக்கு 151 டாலர், 2024-ல் 115 டாலர். 6.9 யூனிட்டைக் குறைத்தால் 2024 விலையில் மிச்சம் 800 டாலர், ஏறத்தாழ 70,000 ரூபாய். மூன்றரை லட்ச வித்தியாசத்தில் இது ஒரு துண்டு. உலகமெங்கும் பேட்டரி விலை இறங்கியதும், மோட்டாரின் முறுக்குவிசை 130 நியூட்டன் மீட்டரிலிருந்து 104-க்குக் குறைந்ததும், உடலில் இரும்பு குறைந்ததும் சேர்ந்தே அந்த விலை வந்திருக்கிறது.

மற்றவர்களும் இதே இடத்தைத் தேடுகிறார்கள். மஹிந்திராவின் ஜியோ 2024 அக்டோபரில் 7.52 லட்சத்தில் தொடங்கியது. அதில் 18.4, 21.3 என்று இரண்டு அளவு பேட்டரிகள் உண்டு. வாங்குகிறவரே அளவைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பது எனக்குப் பிடித்த அணுகுமுறை.

அமெரிக்காவில் கழற்றியது

2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற புதிய நிறுவனம் ஒரு மின்சாரப் பிக்கப்பை அங்கே காட்டியது. பெயிண்ட் கிடையாது, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பலகைகள்தான். பாட்டுப்பெட்டியும் தொடுதிரையும் இல்லை. கண்ணாடியைக் கையால் சுழற்றித்தான் இறக்க வேண்டும். அரசு வரிச்சலுகை 7,500 டாலரைக் கழித்தால் 20,000 டாலருக்குள் வரும் என்றார்கள். அந்தச் சலுகை 2025 செப்டம்பர் 30-ல் முடிந்துபோனது.

இவ்வளவையும் கழற்றியவர்கள் அடிப்படை வண்டியில் 52.7 யூனிட் பேட்டரியை வைத்திருந்தார்கள். அறிவித்த தூரம் 240 கி.மீ., அறிவித்த சுமை 650 கிலோ அளவு. நம் 14.4 யூனிட் வண்டி ஏற்றுவதைவிட அது குறைவு. அங்கே நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் போக வேண்டும், காற்று கேட்கும் விலையைப் பெரிய பேட்டரிதான் கொடுக்க முடியும். அவர்கள் ரேடியோவைக் கழற்றினார்கள், நாம் வேகத்தைக் கழற்றினோம். காசு மிச்சமாவது வேகத்தைக் கழற்றுவதில்தான்.

கழற்றக் கூடாதவை

பிரேக் முதலில். 750 கிலோ வண்டியில் 1,200 கிலோ ஏற்றுவது நம் சாலைகளில் தினசரி நடப்பது. மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும் என்பதால் "வண்டி தாங்குதுண்ணே, இன்னும் ரெண்டு மூட்டை போடுங்க" என்று தோன்றும். பேட்டரிச் செலவு 11 யூனிட்டிலிருந்து 13.3-க்குத்தான் ஏறும், அதனால் ஆபத்து கண்ணில் படாது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 30 சதவீதம் கூடிவிட்டது. மீட்பு பிரேக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். காலையில் பேட்டரி நிறைந்திருக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி வைக்க அதில் இடமே இருக்காது. சாதாரண பிரேக்தான் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

அடுத்தது தண்ணீர். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பேட்டரிப் பெட்டியில் ஐபி67 என்ற தரக்குறி இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கியும் உள்ளே நீர் புகாது என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றாலும் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. அப்படி நின்ற வண்டியைப் பரிசோதிக்காமல் சார்ஜில் போடவே கூடாது.

சூடும் அப்படித்தான். பேட்டரியின் ஆயுளை அரிப்பதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குளிரூட்டும் ஏற்பாட்டைக் குறைத்த வண்டி இன்று மலிவாகத் தெரியும், ஆறாவது வருடம் கணக்கு மாறும். தொடுதிரை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், ஏசி இல்லாமலும் ஓட்டிவிடலாம். பிரேக், தண்ணீர், சூடு ஆகிய மூன்றில் மட்டும் சமரசம் வேண்டாம்.

எத்தனை கி.மீ. ஓடினால் கட்டுப்படியாகும்?

ஏஸ் ப்ரோவின் பெட்ரோல் வடிவம் 3.99 லட்சத்தில் வந்தது. மின்வண்டி அதைவிட 2.51 லட்சம் அதிகம். லிட்டருக்கு 18 கி.மீ., பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் கி.மீ.க்கு 5.60 ரூபாய். மின்வண்டிக்குச் சார்ஜர் இழப்பையும் சேர்த்து, யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தால் கி.மீ.க்கு 1.10 ரூபாய். மிச்சம் நாலரை ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப 56,000 கி.மீ. ஓட வேண்டும்.

வருடத்துக்கு 300 நாள், தினம் 70 கி.மீ. ஓடும் நம் காய்கறிக்காரருக்கு இது இரண்டரை வருடத்துக்குச் சற்று மேல். தினம் 30 கி.மீ. மட்டும் ஓடுகிறவருக்கு ஆறு வருடத்துக்கு மேல். வாகனக் கடன் முடிந்த பிறகும் லாபம் வந்திருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்வண்டிக்கு அதே 5 சதவீதம். ஆக விலை இடைவெளி கொஞ்சம் விரிந்திருக்கிறது, அந்த ஆண்டுகளும் கொஞ்சம் நீளும்.

மேல் எல்லையும் உண்டு. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைத்து ஓட்டினால், காலியும் லோடும் கலந்த நகர ஓட்டத்தில் 125 கி.மீ. வரும். வருடங்கள் போய்ப் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதமாக இறங்கும்போது 100 கி.மீ. மழைக்காலத்தில் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது: தினம் 50 முதல் 90 கி.மீ. வரை ஓடி, இரவில் ஒரே இடத்துக்குத் திரும்பி, அங்கே ஏசிக்குப் போடுவது போன்ற 15 ஆம்பியர் பிளக் இருக்கிறவருக்குச் சின்ன பேட்டரி வண்டி சரியான வண்டி. அதற்குக் கீழே ஓடுகிறவருக்குப் பெட்ரோலோ எரிவாயுவோதான் மலிவு. அதற்கு மேலே ஓடுகிறவர் பெரிய பேட்டரியை வாங்க வேண்டும், இல்லையென்றால் மதியம் சாப்பிடும் நேரத்தில் சார்ஜ் செய்ய ஓர் இடம் பார்த்துவைத்திருக்க வேண்டும்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு வாரம், இப்போது ஓட்டும் வண்டியில் தினம் எத்தனை கி.மீ. ஓடியது, எத்தனை கிலோ ஏற்றியது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விற்பனையாளரிடம் முதலில் அந்த நோட்டைக் காட்டுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்.